அடியில் விரிக்க ஆகும்

குப்பைக்கூடைக்கு மேலே உங்கள் கை நீள்கிறது. கையில் இருப்பது கிழிந்த தலையணை உறை. அல்லது போன வருஷத்துக் காலண்டரின் அட்டை. அல்லது புதுச் சட்டை மடிப்புக் கலையாமலிருக்க உள்ளே செருகியிருப்பார்களே, அந்த வெள்ளை அட்டை. விரலை விடப் போகிறீர்கள். அந்த நொடியில், இரண்டு அறை தாண்டி, மூடிய குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, தண்ணீர் விழுகிற சத்தத்தையும் மீறி ஒரு குரல் வருகிறது.

“தூக்கிப் போட்டுடாதே! அடியில விரிக்க ஆகும்!”

எப்படித் தெரிந்தது? கண்ணால் பார்த்தாரா, காதால் கேட்டாரா? அதையெல்லாம் ஆராயக் கூடாது. பாம்புக்கு நாக்கில் மோப்பம் இருப்பது மாதிரி, அந்த இனத்துக்கு இது பிறவியிலேயே வந்தது. இத்தனை காலமாக நம்மோடு கூடவே வாழ்ந்து, நம் அலமாரித் தட்டுகளையெல்லாம் பழைய காலண்டரால் மூடிவைத்திருக்கும் இந்த இனத்துக்கு இன்னும் ஒருவரும் பெயர் வைக்கவில்லை என்பது பெரிய அநியாயம். நாமே வைத்துவிடுவோம்: அடிவிரிப்பாளர்.

அவசரப்பட்டு அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டால் வருத்தப்படுவார். கஞ்சன் எதையும் வாங்க மாட்டான். இவர் வாங்குவார், அதுவும் உயர்ந்ததாகப் பார்த்து வாங்குவார். கடைக்காரர் மூன்று தினுசு காட்டினால் மூன்றாவதைத்தான் தொடுவார். வீட்டுக்குக் கொண்டுவந்து, தடவிப் பார்த்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டி, பிறகு அதை இனி ஒருவரும் பார்க்க முடியாதபடி மூடிவிடுவார். அவருடைய கொள்கை ஒன்றே ஒன்றுதான். அழுக்காவதற்கென்றே பிறந்த பொருளைக் கடையில் வாங்கக் கூடாது. கால்மிதி வாங்கக் கூடாது. கைப்பிடித் துணி வாங்கக் கூடாது. “மிதிக்கிறதுக்குப் போயி கடைக்குப் போவாங்களா? வீடு பூரா இருக்கே!” என்பார். அவர் கண்ணுக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான். விரித்தாகிவிட்டவை, இனிமேல் விரிக்கப் போகிறவை.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு நீங்கள் போனால் எதன் மேலும் நேரடியாக உட்கார முடியாது. சோபாவுக்கு உறை, உறை அழுக்காகாமலிருக்க மேலே போர்வை, போர்வை அழுக்காகாமலிருக்க அதன் மேல் ஒரு துண்டு, துண்டின் மேல் நீங்கள். நீங்கள் எழுந்ததும் அவர் துண்டை உதறி, நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு மறுபடி விரிப்பார். அந்தச் சோபாவின் அசல் நிறம் என்ன? செய்த தச்சரைத்தான் கேட்க வேண்டும்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் மிகைப்படுத்துவதாகச் சொல்வீர்கள். ஆகவே ஒருவரைப் பிடித்து முன்னால் நிறுத்துகிறேன். நம் ஆள் பார்ப்பது என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்? சிரிக்காதீர்கள். தரைவிரிப்பு ஷோரூமில் விற்பனை மேலாளர். கம்பளம், ரப்பர் விரிப்பு, மரம் மாதிரியே இருக்கும் ஆனால் மரம் இல்லாத பலகை, எல்லாவற்றையும் அவர் பேசுகிற பேச்சில் வாடிக்கையாளர்கள் சொக்கிப்போய் நிற்பார்கள்.

“தரைதாங்க வீட்டுக்கு முகம். முகத்தை அப்படியே விடுவீங்களா?”

“உங்க வீட்ல என்ன சார் போட்டிருக்கீங்க?” என்று ஒருமுறை ஒரு பெண்மணி கேட்டுவிட்டார்.

“எங்க வீட்லயா? பல தினுசா போட்டிருக்கேங்க,” என்றார் நம் ஆள். பொய் இல்லை. காலண்டர், கோணிப்பை, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, மகளின் பள்ளிக்காலத்து மழைக்கோட்டு என்று பல தினுசுதான்.

இப்படி அவர் நிம்மதியாக விரித்துக்கொண்டு வாழ்ந்த வீட்டுக்குள் ஒரு நாள் இரண்டு ஃபிஞ்ச் குருவிகள் வந்து சேர்ந்தன. மகளின் தோழி ஒருத்திக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. கூண்டோடு குருவிகளைக் கொண்டுவந்து கூடத்து மேஜை மேல் வைத்தாள். இரண்டையும் சேர்த்து உள்ளங்கையில் வைத்தால் ஒரு எலுமிச்சம்பழக் கனம் இருக்காது. அலகு மட்டும் செக்கச் சிவப்பு. ஆண் குருவிக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு. பெண் குருவிக்கு அதுவும் கிடையாது, ஆனால் அதிகாரம் முழுவதும் அதனிடம்தான். இரண்டும், அழுத்தினால் கத்துமே குழந்தைகளின் ரப்பர் பொம்மை, அதே குரலில் ஓயாமல் ‘மீப் மீப்’ என்றன.

“அங்கிள், ஒரே ஒரு விஷயம்,” என்றாள் தோழி. “கூண்டோட அடித்தட்டு எப்பவும் சுத்தமா இருக்கணும். அழுக்குல இருந்தா இதுங்களுக்கு மூச்சு இழுக்கும், செத்தே போயிடும். நான் லீவுல வருவேன், வந்து பாப்பேன். தட்டு அழுக்கா இருந்துச்சுன்னா கூண்டோட தூக்கிட்டுப் போயி வேற யாருக்காவது குடுத்துடுவேன். கோச்சுக்கக் கூடாது.”

“யார்கிட்டம்மா சொல்றே? தரைங்கறது என் தொழில்,” என்றார் நம் ஆள்.

அவள் வைத்துவிட்டுப் போன கடை விரிப்பு ஒரு வாரத்தில் தீர்ந்தது. அதற்குள் அவருக்கும் குருவிகளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆண் குருவிக்குத் துரை என்றும் பெண் குருவிக்கு மகாராணி என்றும் பெயர் வைத்தார். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூண்டுக்கு முன்னால் போய் நிற்பார். “துரை, இன்னிக்கு ஒரு அம்மா வந்தாங்க. கடையில இருக்கற அத்தனை கம்பளத்தையும் விரிக்கச் சொல்லிப் பாத்துட்டு, யோசிச்சுச் சொல்றேன்னு போயிட்டாங்கப்பா.” துரை தலையைச் சாய்த்து ‘மீப்’ என்னும். “அதானே! நீயே சொல்லு!” நாள் முழுவதும் அவர் பேச ஊரார் கேட்கிறார்கள்; ஆனால் அவர் பேசியதற்கு ஒப்புக்கொண்டு தலையாட்டியது அந்தக் குருவி ஒன்றுதான்.

“அப்பா, விரிப்பு தீந்துடுச்சு,” என்றாள் மகள். “குருவிக் கடையில வாங்கிட்டு வரவா? விலையும் கம்மிதான்.”

நம் ஆள் சிரித்தார். அந்த இனத்தார் சிரிக்கிற ஒரு சிரிப்பு உண்டு. மூக்கு வழியாக வரும்.

“குருவி எச்சம் போடறதுக்குக் கடைக்குப் போறதா! வாங்கறதுக்கு எவனுக்கும் தெரியும். வேடிக்கை பாரு.”

செய்தித்தாளை அளவெடுத்து, மூலை மடித்து, ஷோரூமில் கம்பளம் விரிக்கிற நேர்த்தியோடு தட்டில் விரித்தார். தள்ளி நின்று பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். மறுநாள் காலையில் பார்த்தால் தட்டு வெறுமையாக இருந்தது. தாள் எங்கே போனது? மேலே பாருங்கள். கூண்டின் உச்சியில் ஒரு சின்ன நார்க்கூடை தொங்குகிறதே, அதன் வாய் முழுவதும் செய்தித்தாள் நறுக்குகள் பிதுங்கிக்கொண்டிருந்தன.

இங்கேதான் நம் ஆளுக்கு வந்து வாய்த்தது சங்கடம். வாழ்நாள் முழுவதும் மேலே இருந்ததையெல்லாம் இழுத்து அடியில் விரித்தவர் அவர். ஃபிஞ்ச் குருவிக்கோ, அடியில் எது கிடந்தாலும் அலகால் கிழித்து, மேலே கொண்டுபோய்க் கூடு கட்டாவிட்டால் தூக்கம் வராது. இப்படி இரண்டு இனங்களை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்து வைத்த அந்தத் தோழியை என்ன சொல்வது!

செய்தித்தாளை இரட்டையாக விரித்தார். இரட்டைக் கூடு கட்டின. காலண்டர் தாள் வழவழப்பாக இருக்கிறதே, கிழிக்க வராதே என்று அதை விரித்தார். கிழிக்க வரவில்லைதான், ஆனால் கூண்டுக்குள் உட்காரச் செருகியிருந்த கிளையிலிருந்து இறங்கின குருவிகள் நிற்க முடியாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டு போயின. மகாராணி ஒருமுறை அப்படியே வழுக்கித் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் போய் உட்கார்ந்து, அவரை ஒரு முறை முறைத்தது. அன்றைக்கே காலண்டரை எடுத்துவிட்டார். பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து ஒரு பை மணல் வந்தது. குருவிகள் அதில் புரண்டு, சிறகை உதறி, கூடம் முழுவதும் தூவின. சோபாவின் துண்டில் மணல், போர்வையில் மணல், உறையில் மணல். அசல் சோபாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவருக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமை.

அப்புறம் பழைய குளியல் துண்டு. கனமானது, பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது, இரண்டு நாள் தட்டிலேயே கிடந்தது. ஜெயித்துவிட்டேன் என்று கடையில் எல்லோரிடமும் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் துரை பறக்கவில்லை. தட்டின் மூலையில் ஒரு சிறகை விரித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தது. துண்டிலிருந்து பிரிந்த நூல் ஒன்று காலைச் சுற்றி இறுகியிருந்தது.

நம் ஆளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவி குருவியை ஒரு கைக்குள் பொத்திப் பிடித்துக்கொள்ள, மகள் டார்ச் அடிக்க, அவர் நகவெட்டியின் முனையால் நூலை ஒவ்வொரு சுற்றாக அறுத்தார். ஒரு மயிரிழை தப்பினால் கால் போய்விடும். மூச்சு விட்டால் கை ஆடும் என்று மூச்சே விடவில்லை. கடைசிச் சுற்று அறுந்ததும் துரை உதறிக்கொண்டு எழுந்து, உச்சிக் கிளைக்குப் பறந்து போய், ‘மீப்’ என்றது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அன்று கடைக்குப் போகவில்லை. இந்த வீட்டில் இனி எது இல்லாவிட்டாலும் குருவிகள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

துண்டைக் குப்பையில் போட்டிருப்பார் என்கிறீர்களா? இவ்வளவு நேரம் நான் யாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்!

“உள்ளதானே விரிக்கக் கூடாது,” என்றார். “கூண்டுக்கு அடியில விரிக்கலாமே.”

விரித்தார். கூண்டு துண்டின் உயரத்துக்கு மேலே போயிற்று. காலண்டர் தாள்களும் அங்கேயே போயின. மணல் பை போயிற்று. மணல் சிந்துகிறது என்று அதற்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டி நசுங்குகிறது என்று அதற்கு அடியில் ஒரு பலகை. பலகை மேஜையைக் கீறுகிறது என்று அதற்கு அடியில் மனைவி துணி தேய்க்கிற கம்பளி. ஷோரூமிலிருந்து பழைய மாதிரிப் புத்தகங்களைக் கொண்டுவந்தார். அவற்றிலிருந்த கம்பளத் துண்டு ஒன்றை உள்ளே விரித்துப் பார்த்தார். குருவிகள் ஒவ்வொரு முடியாகப் பிடுங்கி அதை மொட்டையடித்தன. மொட்டைக் கம்பளம் அடியில் போயிற்று. மாதிரிப் புத்தகங்கள் அடியில் போயின. குருவிகள் தினை உமியை உதறி வெளியே தள்ளுகின்றன, மேஜை பாழாகிறது என்று மேஜைக்கு ஒரு பழைய மெத்தை. பரணில் கிடந்த மெத்தை அது. அதை இறக்கியதில் பரணே காலியாயிற்று. தோற்றுப்போன விரிப்பு ஒவ்வொன்றும் கீழே போக, கூண்டு ஒவ்வொரு நாளும் மேலே போயிற்று. தட்டுக்குள்ளே மட்டும், எதை விரித்தாலும், விடிந்தால் வெறுமை.

முதலில் கூண்டு கண்ணுக்கு நேராக இருந்தது. பிறகு நெற்றிக்கு நேராக. பிறகு துரையோடு பேச அவர் முக்காலி போட்டுக்கொண்டார். முக்காலி போதாமல் ஏணி வந்தது. கூண்டு மின்விசிறியின் இறக்கைக்கு ஒரு முழம் பக்கத்தில் வந்ததும் விசிறியின் சுவிட்சை நாடா போட்டு ஒட்டிவிட்டார்கள். கூடத்தில் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. விசிறிக்கொள்ள ஒரு அட்டை வேண்டுமே என்று தேடினால் வீட்டில் ஒரு அட்டை மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கேரம் விளையாட வருகிற மாடிவீட்டுக்காரர் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“நம்ம பலகை எங்க சார்?”

“விரிச்சிருக்கேன்.”

மாடிவீட்டுக்காரர் அடுக்கை அண்ணாந்து பார்த்தார். மெத்தைக்கும் மாதிரிப் புத்தகங்களுக்கும் நடுவில் கேரம் பலகையின் ஒரு மூலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மூலையில் உள்ள குழியில் விரலை விட்டு ஆசையாகத் தடவிவிட்டுப் படியேறிப் போனார்.

மகளின் உடற்பயிற்சிப் பாய் காணாமல் போன அன்று மனைவிக்குப் பொறுமை போயிற்று.

“இன்னும் என்ன பாக்கி? என்னையும் மடிச்சு அடியில விரிச்சுடுங்க!”

அப்போது அவர் கண் ஒரு கணம் அவளைத் தலை முதல் கால் வரை அளந்தது என்று மகள் இன்றுவரை சாதிக்கிறாள். அவர் இல்லவே இல்லை என்கிறார். நாம் அந்தக் குடும்ப விஷயத்துக்குள் போக வேண்டாம்.

இந்த நிலையில்தான் தோழியிடமிருந்து போன் வந்தது. லீவு கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், குருவியைப் பார்க்க வேண்டும்.

நம் ஆளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் ஒரே ஒரு விரிப்பு ஒரே ஒரு நாள் நின்றால் போதுமே! செய்தித்தாளை விரித்து நான்கு மூலைக்கும் கூழாங்கல் வைத்தார். மூலைகள் நின்றன, நடுப்பகுதி கூட்டுக்குப் போயிற்று. தார்ப்பாயை வெட்டி விரித்தார். அதன் நாற்றத்தில் மகாராணி அரை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது, எடுத்துவிட்டார். ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு கெஞ்சினார்: “துரை, ஒரு நாளைக்கு விட்டு வைங்கப்பா. அந்தப் பொண்ணு பாத்துட்டுப் போயிடட்டும். அப்புறம் வீட்டையே கிழிச்சுக்குங்க.” துரை தலையைச் சாய்த்துக் கேட்டது. ‘மீப்’ என்று ஒப்புக்கொண்டது. பிறகு அவர் கண் முன்னாலேயே ஒரு நறுக்கைக் கிழித்து எடுத்துக்கொண்டு மேலே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தோழி வந்தாள். கையில் ஒரு பை. வாசலிலேயே, “குருவி எங்கே?” என்றாள். மகள் கூரையைக் காட்டினாள்.

“ஏன் அங்க இருக்கு?”

“வளந்துடுச்சு,” என்றாள் மனைவி. “குருவி இல்ல. அடி.”

நம் ஆள் ஏணியைப் பிடித்துக்கொள்ள, தோழி ஏறினாள். ஏறுகிற வழியில் ஒவ்வொரு அடுக்காக அவர் விளக்கிக்கொண்டு வந்தார்: இது மெத்தை, இது கேரம் பலகை, இது மணலு, இது துண்டு, துண்டைப் பத்தி மட்டும் கேக்காதேம்மா. உச்சிக்குப் போய் அவள் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அங்கிள், தட்டுல ஒண்ணுமே இல்லையே!”

வீட்டில் இருந்த அத்தனையும் கூண்டுக்கு அடியில் இருந்தது. தட்டில் ஒரு காகிதம்கூட இல்லை. ஏணியைப் பிடித்திருந்தவர் பிடியை விடாமல் அண்ணாந்து பார்த்தார்.

“காலையிலகூட விரிச்சேம்மா,” என்றார். “எதைப் போட்டாலும் மேல கொண்டு போயிடுதுங்க. நீ சொன்ன மாதிரி பாத்துக்க முடியல. ஒத்துக்கறேன். ஆனா எடுத்துட்டுப் போயிடாதேம்மா. சாயங்காலம் வந்தா நான் யார்கிட்ட பேசறது?”

“அப்ப நான் யாரு?” என்றாள் மனைவி.

தோழி தட்டை விரலால் ஒரு இழுப்பு இழுத்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஆனா அழுக்கே இல்லையே! கண்ணாடி மாதிரி இருக்கு. யாரு கழுவறது?”

நம் ஆள் மகளைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள்.

“நான்தான்,” என்றாள். “இவர் குளிக்கப் போனதும் ஏறிடுவேன். ஏணிகூட வேணாம், அடுக்குலயே படி மாதிரி கால் வைக்கலாம். மெத்தை மேல ஒரு கால், கேரம் பலகை மேல ஒரு கால். தட்டுல ஒண்ணும் இல்லாததால சுலபமா இருக்கு. தண்ணி ஊத்தி ஒரு துடை துடைச்சா முடிஞ்சுது.”

“ஒண்ணுமே விரிக்காமலா?” என்றார் அவர்.

“ஒண்ணுமே விரிக்காம.”

“வெறுந்தட்டு?”

“வெறுந்தட்டு.”

நம் ஆள் சோபாவில் சாய்ந்தார், துண்டைச் சரியாக விரித்துவிட்டுத்தான். எல்லாவற்றையும்விட மலிவான விரிப்பு ஒன்று இத்தனை மாதமாக அந்த வீட்டில் இருந்திருக்கிறது. எதையுமே விரிக்காமல் விடுவதுதான் அது. சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் சந்தோஷப்பட்டாரா? நடுத்தெருவில் யாரோ சட்டையைக் கழற்றிவிட்டது மாதிரி இரண்டு கையாலும் மார்பைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“தட்டு சுத்தம்தான், ஆன்ட்டி,” என்றாள் தோழி மேலேயிருந்து. “ஆனா இங்க ஒரே புழுக்கமா இருக்கே. கூரையில ஒட்டிக்கிட்டு எத்தனை நாளைக்கு இருக்கும்? மன்னிச்சுக்குங்க அங்கிள், நான் எடுத்துட்டே போயிடறேன்.”

கூண்டின் கொக்கியில் கை வைத்தாள். அப்போது உச்சியில் இருந்த நார்க்கூடைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ‘மீப்’ இல்லை. அதைவிட மெல்லியது, ஊசி முனையால் கண்ணாடியைக் கீறுகிற மாதிரி. தோழி கூடைக்குள் எட்டிப் பார்த்தவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“குஞ்சு! நாலு குஞ்சு!”

ஒருவர் தோளில் ஒருவர் ஏறாத குறையாக எல்லோரும் ஏறிப் பார்த்தார்கள். முதலில் ஏறியவர் நம் ஆள்தான். செய்தித்தாள் நறுக்கு சுவர் மாதிரி சுற்றி நிற்க, அதற்கு உட்புறம் துண்டின் நூல், அதற்கும் உட்புறம் ஷோரூம் கம்பளத்தின் முடி. அதன் நடுவில் இறகு முளைக்காத நான்கு குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அவர் விரித்துத் தோற்றதெல்லாம் அங்கே இருந்தது.

“குஞ்சுங்களுக்கு அடியில எவ்வளவு மெத்துன்னு விரிச்சு வெச்சிருக்கு பாருங்க!” என்றாள் தோழி.

நம் ஆள் நிமிர்ந்தார். முகத்தில் ரத்தம் திரும்பி வந்துவிட்டது. மனைவி பக்கம் திரும்பினார்.

“அடியில விரிக்க ஆகும்னு சொன்னேனா இல்லையா?”

“இனிமே கூண்டை அசைக்கவே கூடாது,” என்றாள் தோழி. “இந்த நேரத்துல அசைச்சா பயந்துக்கிட்டு குஞ்சைப் பட்டினி போட்டுடும். நான் எடுத்துட்டுப் போகல. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“அசைக்கவே கூடாதா?” என்று மனைவி சுரத்தில்லாமல் கேட்டாள். “அப்ப அடியில இருக்கறது?”

“அதையும்தான் ஆன்ட்டி.”

அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! குருவியும் போகவில்லை, அடுக்கும் போகவில்லை. தோழிக்குத் தன் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தார். டம்ளருக்கு அடியில் ஒரு தட்டு, தட்டுக்கு அடியில் ஒரு தாள்.

போகும்போது தோழி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவள் வேலை பார்க்கிற ஊரில் குருவிக் கூண்டுக்கென்றே விற்கிற விரிப்பு. கெட்டி நெசவு, குருவி அலகால் கிழிக்க வராது, வெள்ளை வெளேரென்று இருந்தது. “ரொம்ப மலிவு அங்கிள். அழுக்கானா தூக்கிப் போட்டுட்டு அடுத்ததை எடுத்துக்கலாம்,” என்றாள். அவர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். தொழில் தெரிந்தவர் இல்லையா, சரக்கின் அருமை தெரியாமலிருக்குமா? அவள் தலை மறைந்ததும் ஏணியில் ஏறி, கூண்டு அசையாமல், ஒரு விரிப்பை எடுத்து மூலை பிசகாமல் தட்டில் விரித்தார். குருவிகள் இறங்கி வந்தன. கொத்திப் பார்த்தன. கிழியவில்லை. மனைவி வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெய்வத்துக்கு வாய்விட்டு நன்றி சொன்னாள்.

மறுநாள் அவர் குளிக்கப் போனதும் அவள் பழக்கதோஷத்தில் மேலே ஏறிப் பார்த்தாள். தட்டில் செய்தித்தாள் விரித்திருந்தது.

“என்னங்க இது? அந்தப் பொண்ணு குடுத்த விரிப்பு எங்கே?”

“அடியில இருக்கு,” என்று குளியலறையிலிருந்து பதில் வந்தது. “அவ்வளவு நல்ல விரிப்பு, எச்சம் பட்டா வீணாப் போயிடும்ல? அதான் மேல பேப்பர் போட்டிருக்கேன்.”

குருவிகள் அன்றைக்கே அந்தத் தாளைக் கிழித்து மேலே கொண்டுபோயின. அவர் இன்னொன்று விரித்தார். இன்றுவரை விரித்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களை ஏணியில் ஏற்றி, தாளின் ஓரத்தைத் தூக்கிக் காட்டுகிறார்: “பாருங்க, ஒரு சொட்டு படல. புதுசாவே இருக்கு!”

இந்த நோய் ஒட்டுவாரொட்டி என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன வாரம் மகள் அந்த விரிப்பு வந்த வெறும் பொட்டலத்தைக் குப்பைக்கூடைக்கு மேலே நீட்டினாள். “போட்டுடாதேடி, அடியில...” என்று ஒரு குரல். மகள் திரும்பிப் பார்த்தாள். அப்பா கடைக்குப் போய் அரை மணி ஆகிவிட்டது. கூடத்தில் அம்மா, சொன்ன வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

நீங்கள் இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள். சந்தோஷம். உங்கள் டிவி ரிமோட் வாங்கின நாளில் வந்த பிளாஸ்டிக் உறையோடுதானே இன்னும் இருக்கிறது என்றெல்லாம் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். புது மெத்தையின் மேல் தாளை உரிக்காமல் படுத்துக்கொண்டு இரவெல்லாம் சரசரவென்று புரள்கிறவர் உங்கள் வீட்டில் யார் என்றும் கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒருமுறை இந்தத் தாளின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, நல்ல கெட்டியாக இருக்கிறதே என்று தடவிப் பார்த்தீர்களே, அது எதற்கு?